பம்பு வேலைக்கும் மில்லு வேலைக்கும் ஒரே லேத்துதாங்க

கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில பர்ச்சேஸ்ல ரொம்ப வருஷம் இருந்தேன். பர்ச்சேஸ்னா உக்காந்த எடத்துல பிஓ (பொருள் வாங்கற ஆர்டர்) போடறதுன்னு நினைச்சுராதீங்க, பாதி நாள் பைக்லதான், ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோன்னு சந்து சந்தா சுத்தணும். பம்பு மேல ஒட்டற பேரு எங்களோடது, ஆனா காஸ்டிங் (இரும்ப உருக்கி வார்க்கறது) ஒருத்தரு, டர்னிங் (லேத்துல கடையறது) ஒருத்தரு, ஷாஃப்ட் கிரைண்டிங் வேறொருத்தரு, மோட்டாருக்கு தகடு வெட்டற ஸ்டாம்பிங் இன்னொரு எடம், நாங்க பண்ணுனது அசெம்பிளி, டெஸ்டிங், பெயிண்டு, அவ்ளோதான்.

எங்களுக்கு டர்னிங் பண்ணிக் குடுத்த ஒரு லேத்து பட்டறை, நாலே மெஷினு. ஒண்ணுல எங்க பம்போட பேரிங் ஹவுசிங் ஓடும், பக்கத்துல ஸ்பின்னிங் மில்லு ஸ்பேர் ஓடும், மூலைல வெட் கிரைண்டருக்கு ஏதாச்சும் போட்டிருப்பாங்க. எனக்கு மொதல்ல கடுப்புதான், நம்ம வேலைய ஓரங்கட்டிட்டு மத்தவன் வேலைய பாக்கறாங்களேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, வெயில் காலத்துல பம்பு ஆர்டர் பிச்சுக்கும், மழை பிடிச்சா படுத்துரும், அந்த நாலஞ்சு மாசம் அந்தப் பட்டறைல சம்பளம் போட்டதே மில்லுக்காரனும் கிரைண்டர்காரனும்தான். அவங்க இல்லேன்னா அடுத்த சீசனுக்கு எனக்கு அங்க டர்னரே இருந்திருக்க மாட்டாரு. எங்க கம்பெனி ஒத்தப் பைசா செலவில்லாம அடுத்த தொழில்காரன் காசுல ஆள வச்சிருந்துச்சு, இதை எந்தக் கணக்குப் புஸ்தகத்துலயும் எழுத மாட்டாங்க.

இது யாரும் பிளான் போட்டு பண்ணுனதில்ல. 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்துச்சு, 1932ல நீலகிரி பைக்காரால இருந்து நீர்மின் கரண்டு வந்ததும் மில்லுக மளமளன்னு பெருகிருச்சு. மெஷினெல்லாம் சீமைல இருந்து வந்தது, ஒரு பல்சக்கரம் ஒடைஞ்சா கப்பல்ல வரட்டும்னு காத்திருக்க முடியுமா? உள்ளூர்லயே ஊத்திப் பாத்தாங்க, அப்படித்தான் ஃபவுண்டரியும் (இரும்பு வார்க்கற எடம்) பட்டறையும் பெருகுச்சு. அதே கரண்டு தோட்டத்துக்கும் போச்சு, நம்ம பக்கம் கிணறெல்லாம் ஆழம், மோட்டார் பம்புக்கு ஆளுக ரெடியா இருந்தாங்க. 1937லயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் பண்ணிட்டாங்க. பம்பு பண்ணுன பிஎஸ்ஜி குடும்பம் 1951ல இன்ஜினியரிங் காலேஜும் ஆரம்பிச்சுது. மோட்டாரும் காஸ்டிங்கும் கைவசம் இருக்கற ஊருல வெட் கிரைண்டர் பொறந்ததுல என்ன ஆச்சரியம், கல்லு ஊத்துக்குளி பக்கம், மத்ததெல்லாம் இங்கயே. 1962ல லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தப்ப, மில்லுக்கு ஸ்பேர் ஊத்துன ஊரு மில்லு மெஷினையே பண்ண ஆரம்பிச்சுருச்சு.

பேட்டர்ன் அடிக்கற ஒரு பெரியவரப் பத்தி சொல்லியே ஆகணும். பேட்டர்ன்னா வார்க்கறதுக்கு மண்ணுல அச்சு எடுக்கற மர மாதிரி, அதை தேக்குல செதுக்குவாரு. அவரு ஸ்கேலே வேற, சாதா ஸ்கேல விட துளி நீளமா இருக்கும், ஏன்னா வார்ப்பிரும்பு ஆறும்போது நூத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல சுருங்கும், அதை கையால கணக்குப் போடாம ஸ்கேல்லயே வச்சிருப்பாங்க. எங்க டிசைன் ஆளுக பம்போட வெளிக்கூடு, கேசிங்கும்பாங்க, அதோட டிராயிங் குடுத்து விட்டாங்க, அவரு பாத்துட்டு “தம்பி, இந்த எடத்துல இவ்ளோ மெலிசா விட்டா இரும்பு போய்ச் சேராதுங்க, நாலு எம்எம்மாச்சும் வைக்கச் சொல்லுங்க”ன்னாரு. எங்க இன்ஜினியருக்கு ஈகோ, டிராயிங்ல இருக்கறத பண்ணச் சொல்லுங்கன்னுட்டாரு. மொத லாட்ல பாதி ரிஜெக்ட்! பெரியவரு பம்பப் பாத்து இதைக் கத்துக்கல, சின்ன வயசுல மில்லு மெஷின் கவருக்கு பேட்டர்ன் அடிச்சு அடிச்சுக் கத்துக்கிட்டது.

எங்க கம்பெனி நடுவுல வேற ஸ்டேட்ல ஒரு பிளான்ட் போட்டுச்சு, எடம் சலீசு, டாக்ஸ் சலுகை, ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி. நானும் கொஞ்ச நாள் போயிருந்தேன். ஒரு கோர் பாக்ஸ் (காஸ்டிங் உள்ளுக்குள்ள குழிவு வர்றதுக்கு மண்ணு அச்சு பண்ற பொட்டி) லேசா ஒடைஞ்சா அதை ஒட்ட ஆளில்ல, கோயம்புத்தூருக்கு லாரில போட்டுவிட்டு நாள் கணக்குல லைன நிறுத்தணும், இங்கன்னா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள கைல குடுத்துருவாங்க. சலுகைல மிச்சம் பண்ணுனதெல்லாம் லாரி வாடகைலயும் லேட்லயும் போயிருச்சுன்னு என் கணக்கு, மேனேஜ்மென்ட் ஒத்துக்கல.

ஆனா இப்படிப் பின்னிக் கெடக்கறதுல சிக்கலும் இருக்கு. ஒரு தொழிலு படுத்தா இன்னொண்ணு தாங்கும், சரி, எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது போச்சுன்னா? 2008ல இருந்து நாலஞ்சு வருஷம் பவர்கட்டு, மில்லு, ஃபவுண்டரி, லேத்து எல்லாம் ஒண்ணா படுத்துச்சு. பெரிய கம்பெனி ஜெனரேட்டர் போட்டு சமாளிச்சுது, நாலு லேத்து வச்சிருக்கறவரு டீசலுக்கு எங்க போவாரு, சிலர் மெஷின வித்துட்டாங்க. பம்புல குஜராத்காரன் போட்டிக்கு வந்துட்டான்னு இன்னிக்கும் பொலம்பறோம், போட்டி எப்பவும் இருந்துதுங்க, அடியில இருந்த பட்டறைகள நாமதான் பாத்துக்கல.

இப்ப ஃபவுண்டரிக ஊருக்கு வெளிய போயிட்டு இருக்கு, அரசூர் பக்கமெல்லாம் நெறைய. வீடுக நெருங்கிருச்சு, பொகைன்னு கம்ப்ளெயின்ட் வரும், எடம் விக்கற வெலைக்கு போறதுதான் புத்திசாலித்தனம், நானா இருந்தாலும் போயிருப்பேன். லேத்து மட்டும் இன்னும் சந்துக்குள்ளயே இருக்கு, அதனால காஸ்டிங் சரியில்லேன்னா முந்தி மாதிரி ஃபவுண்டரில அச்சு போடற மோல்டர வண்டில ஏத்திட்டு வந்து லேத்து முன்னாடி நிக்க வச்சு காட்ட முடியறதில்ல, வாட்ஸாப்ல போட்டோ போகுது, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி தப்பு உங்களோடதுன்னு வாய்ஸ் மெசேஜ் வருது.