பவர்ஃபுல் பிசி தான், ஆனா எஃப்பிஎஸ் மட்டும் வரல

கேம்ல எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு ஓடுற படங்களோட எண்ணிக்கை, வரலன்னு சொன்னா போதும், டிரைவர அப்டேட் பண்ணு, விண்டோஸ அழிச்சுப் போடுன்னு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாங்க. அதெல்லாம் அப்புறம். மொதல்ல ஒரே ஒரு நம்பர பாருங்க, கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு எத்தன பர்சன்ட் வேலை செய்யுதுன்னு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர் போட்டா கூடவே ரிவாட்யூனரும் வரும், அது இந்த நம்பர ஸ்கிரீன் ஓரத்துலயே காட்டும். 95க்கு மேல இருந்தா கார்டு முழு மூச்சுல ஓடுது, செட்டிங்ஸ தான் கொறைக்கணும். விசின்க் (மானிட்டர் வேகத்துக்கு எஃப்பிஎஸ்ஸ கட்டிப்போடுற செட்டிங்), எஃப்பிஎஸ் லிமிட் எதுவும் போடாமலே 50ல நிக்குதுன்னா கார்டு மேல தப்பே இல்ல, வேலை வராம சும்மா உக்காந்திருக்கு.

என் சித்தி பையனுக்கு இதான் நடந்துச்சு. ரைசன் 7 7700 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு, 6000 ஸ்பீடு டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ரெண்டு, நல்ல செட்டப். ஆனா கவுன்டர் ஸ்ட்ரைக் 2ல நாலு பேர் சேர்ந்து சண்ட போட்டா தடுக்கித் தடுக்கி ஓடுது. "அண்ணா, கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ"ன்னு போன்ல ஒரே பொலம்பல். ரெசல்யூஷன கொறச்சுப் பாருடான்னேன், கொறச்சும் எஃப்பிஎஸ் அசையவே இல்ல, அப்பவே தெரிஞ்சுது ப்ராசஸர், அதாவது சிபியு பக்கம் தான் எங்கயோ அடைப்புன்னு. அவன் டாஸ்க் மேனேஜர பாத்துட்டு சிபியு வெறும் 30 பர்சன்ட் தானே அண்ணாங்குறான், அந்த நம்பர நம்பவே கூடாது, ப்ராசஸர் ஒரே நேரத்துல ஓட்டுற 16 த்ரெட்டுக்கும் (வேலை வரிசைக்கும்) சேத்து ஆவரேஜ் அது, கேமோட மெயின் த்ரெட்டு ஒரே ஒரு கோர்ல மூச்சு முட்டிக்கிட்டு இருந்தாலும் அதுல தெரியாது.

அதே டாஸ்க் மேனேஜர்ல மெமரிய அமுக்கச் சொன்னா ஸ்பீடு ரொம்பக் கம்மியா காட்டுது. காசு குடுத்தது 6000க்கு! பயாஸ்ல, அதாவது போர்டோட செட்டிங்ஸ்ல, எக்ஸ்போங்கற ரேம் ஸ்பீடு செட்டிங்க ஆன் பண்ணாத வரைக்கும் ரேம் இப்படி மெதுவா தான் ஓடும், இன்டெல் போர்டுனா எக்ஸ்எம்பின்னு இருக்கும். பெரிய கூத்து என்னன்னா அசெம்பிள் பண்ண கடைக்காரர் ரெண்டு ரேமையும் மூணாவது, நாலாவது ஸ்லாட்ல பக்கத்துப் பக்கத்துல சொருகியிருக்காரு, கூலர் இடிச்சிருக்கும் போல. நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல போட்டா தான் ட்யூயல் சேனல், அதாவது ரெண்டு ரேமும் தனித்தனி பாதையில ஓடும், இல்லன்னா பேண்ட்வித் (டேட்டா போற வேகம்) பாதியா போயிடும். சிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேர்ல பாத்தா டிடிஆர்5க்கு 4 x 32 பிட்னு காட்டணும், அவனுக்கு 2 தான்.

மாத்திப் போட்டு எக்ஸ்போவ ஆன் பண்ணதும் ஸ்கிரீன் கருப்பாவே நின்னுச்சு, பையன் பதறிட்டான். அது மெமரி ட்ரெய்னிங், போர்டு ரேம புது ஸ்பீடுக்கு சரிபாக்குற வேலை, சில நிமிஷம் ஆகும், பொறுமையா இருங்க, பவர ஆஃப் பண்ணிடாதீங்க. அப்புறம் கார்டு 80, 90ன்னு வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு, தடுக்கலும் போச்சு.

இன்னொரு விஷயம், மானிட்டர் கேபிள் போர்டுல இல்லாம கார்டுல தான் சொருகியிருக்கான்னு பாருங்க. 7700லயே சின்னதா ஒரு கிராஃபிக்ஸ் இருக்கறதால போர்டுல சொருகினாலும் படம் வரும், சந்தேகமே வராது. விண்டோஸ்லயும் சில சமயம் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60லயே கெடக்கும், டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் மாத்தணும். பயாஸ் அப்டேட் பண்ணா பெரும்பாலும் எக்ஸ்போ திரும்ப ஆஃப் ஆயிடும், அப்ப மறுபடி போய் ஆன் பண்ணிக்கோங்க.