ஓரங்களுக்கு ஒரு பட்ஜெட்

படுக்கையறைக் கதவைச் சுற்றியிருந்த பழைய மரப்பட்டியைத் தச்சர் நெம்பி எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. உள்ளே நிலை இல்லை. நாம் நிலை என்று சொல்கிற கனத்த மரம் எதுவுமே இல்லை. ஒல்லியாக ஒரு பலகை, அதற்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து, அந்தச் சந்தில் அங்கங்கே செருகிய ஆப்பு. இந்தக் கதவை நம்பியா இத்தனை நாள் தூங்கினோம் என்று இவரிடம் கேட்டேன். "கனடாவில் எல்லா வீடும் இப்படித்தான்" என்றார். அந்தப் பதில் எனக்குச் சமாதானமாக இல்லை.

ஸ்கார்பரோவில் நாங்கள் வாங்கியிருப்பது 1950களில் கட்டிய சின்ன வீடு. ஓரங்களெல்லாம் நைந்து போயிருந்தன. தரையை ஒட்டி ஓடும் பேஸ்போர்டு, கதவு ஜன்னலைச் சுற்றும் கேசிங், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் வைக்கிற கிரவுன் மோல்டிங், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதையெல்லாம் சேர்த்து இங்கே ட்ரிம் என்கிறார்கள். அழகுக்காக ஒட்டுகிற பட்டி, பெரிதாக என்ன ஆகிவிடும் என்பதுதான் எங்கள் இருவரின் எண்ணமும்.

அழகு இரண்டாவதுதான் என்பதை அந்தத் தச்சர் பொறுமையாக விளக்கினார். போர்ச்சுகலிலிருந்து இளவயதில் வந்தவர். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய காபிப்பொடியில் போட்ட டிகாஷன் காபியை நின்றுகொண்டே குடித்தபடி சொன்னார். இங்கே மரச்சட்டம் அடித்து, அதன்மேல் ஜிப்சம் பலகை அறைந்து, கதவுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டையாக விட்டுவிடுகிறார்கள். கடையிலிருந்து கதவும் சட்டமும் சேர்ந்தே வரும். அதை ஓட்டையில் நிறுத்தி, ஆப்பு செருகி, தூக்கு பார்த்து ஆணி அடித்தால் சுற்றிலும் சந்து மிஞ்சும். அதை மூடத்தான் கேசிங். தரைப் பலகை வெயில் காலத்து ஈரப்பதத்தில் உப்பும், குளிர் காலத்து ஹீட்டரில் காய்ந்து சுருங்கும். அதற்காகச் சுவரோரம் அரை அங்குலம் போல விட்டு வைப்பார்கள். அதை மூடத்தான் பேஸ்போர்டு. வீட்டின் எல்லா ஓரத்திலும் ஒரு சந்து இருக்கிறது, அதை மறைப்பதற்கு அடிக்கு இவ்வளவு என்று விலை.

ஊரில் நிலை நின்ற பிறகுதான் சுவர் ஏறும். பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நிலை வைத்த நாளில் நான் சின்னப் பெண். மாவிலை, மஞ்சள் குங்குமம், அடியில் நவதானியம், ஒரு ரூபாய்க் காசு. நிலை நேராக நின்றதும் ஆசாரி கையை எடுத்துவிட்டு, "இனி வீடு தானா வரும்" என்றார். அந்த நிலைக்குப் பக்கத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பூத் தொடுத்திருப்பேன்.

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். முதலில் வந்த ஒருவர் "ட்ரிம் வேலை" என்று ஒரே வரி எழுதி, அதன் எதிரே ஒரு தொகையைப் போட்டுக் கொடுத்தார். மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எதுவும் இல்லை. அவரை வேண்டாமென்று விட்டோம். போர்ச்சுகல்காரர் வரிவரியாக எழுதித் தந்தார். பேஸ்போர்டு 160 அடி, அடிக்கு 7 டாலர். கிரவுன் 90 அடி, அடிக்கு 14. கதவு ஐந்து, இரண்டு பக்கமும் கேசிங், பக்கத்துக்கு 110. நடையிலும் படிக்கட்டிலும் இடுப்பளவுக்குச் சட்டப் பலகை 3,000. ஆக 6,480. பெயின்ட் தனி, அது 2,200. இரண்டுக்கும் சேர்த்து 13 சதவீதம் வரி. கூட்டிப் பார்த்தால் 9,800 டாலரைத் தாண்டிவிட்டது. இவர் மனதுக்குள் ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரு நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, ஒவ்வொரு வரியாக எழுத ஆரம்பித்தேன். அப்பாவும் அப்படித்தான் கணக்கு எழுதுவார். மரம் என்று ஒரு வரி, ஆசாரி கூலி என்று ஒரு வரி, வெற்றிலை பாக்கு என்று ஒரு வரி. வீடு முடிகிற வரைக்கும் அந்த வெற்றிலை பாக்கு வரி நிற்கவே இல்லை.

எழுத எழுதத்தான் புரிந்தது, காசு நீளத்தில் இல்லை, மூலையில் இருக்கிறது. நேரான சுவரில் 16 அடிப் பட்டி ஒன்றை வைத்து ஆணி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூலையைச் சேர்ப்பதற்குள் அதைப்போலப் பல மடங்கு நேரம் போய்விடுகிறது. எங்கள் முன் அறையில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே மூலை எதுவும் சதுரம் இல்லை. போதாததற்கு, பழைய வீட்டுச் சுவர் எதுவுமே நேராக இல்லை. ஆகையால் கோட்டேஷன் கேட்கும்போது அடிக்கணக்கோடு மூலைக்கணக்கும் சொல்லுங்கள். வெட்டில் வீணாவதற்குப் பேஸ்போர்டில் 10 சதவீதம், கிரவுனில் 15 சதவீதம் கூட வைக்க வேண்டும் என்றார் அவர். பழையதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, ஆணித் துளை அடைப்பது, சந்தை அடைக்கிற பசையான கால்க் பூசுவது, இவை யார் கணக்கில் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். 1960க்கு முந்தைய வீடென்றால் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதிக்காமல் உரசித் தேய்க்கக் கூடாது. அந்தப் பரிசோதனைக்கும் நோட்டில் ஒரு வரி போட்டேன்.

அவர் ஒரு உள்மூலையைச் சேர்த்ததை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். முதல் பட்டியைச் சுவர் வரைக்கும் நேராக முட்ட வைத்தார். இரண்டாவதன் முனையைச் சாய்வாக வெட்டினார். அந்தச் சாய்வில் பட்டியின் வளைவு ஒரு கோடாகத் தெரிகிறது. மெல்லிய கம்பி போன்ற ரம்பத்தால் அந்தக் கோட்டின் மேலேயே அறுத்து, அரத்தால் லேசாகத் தேய்த்து, முதல் பட்டியின் மேல் வைத்து அழுத்தினார். காகிதம்கூட நுழையாது. இரண்டு முனையையும் வெறுமனே சாய்வாக வெட்டி ஒட்டினால், குளிர்காலத்தில் மரம் சுருங்கியதும் வாய் திறந்துகொள்ளுமாம். இப்படிச் செய்தால் அவ்வளவாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நம்ம ஆசாரி கை மாதிரியே இருக்கேடி, சாப்பாடு போட்டியா?" என்றாள். போட்டேன். சாம்பார் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டார். கூலியில் கழிக்கவில்லை.

மரம் எது என்பதிலும் பணம் ஏறி இறங்குகிறது. பெயின்ட் அடிப்பதென்றால் எம்.டி.எஃப் போதும், விலை குறைவு, சுருங்குவதும் குறைவு. மர நிறமே தெரிய வேண்டுமென்றால் ஓக், மேப்பிள் மாதிரி நல்ல மரம் வேண்டும். இணைப்பில் துளி பிசகினாலும் பெயின்ட் வந்து காப்பாற்றாது, அதனால் கூலியும் ஏறும். எம்.டி.எஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்தியது. தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். போன கோடையில் இங்கே வந்திருந்த அம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாளித் தண்ணீரோடு கூடத்துக்கு வந்து நின்று, "தண்ணி போற மடை எங்கடி?" என்று தேடியது நினைவுக்கு வந்தது. இங்கே மடை கிடையாது. ஈரத்துணியால் துடைப்பதற்குப் பழகிவிட்டேன், இதுதான் சுத்தம் என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் வாளி கவிழ்ந்து, தென்னந்துடைப்பத்தின் முன்னால் தண்ணீர் ஓடி முற்றத்தில் விழுகிற சத்தம் வெள்ளிக்கிழமை காலையில் கேட்கத்தான் செய்கிறது.

நடையில் மட்டும் பழைய பட்டி நன்றாக இருந்தது. அதே வடிவத்தில் கொஞ்சம் தேவைப்பட்டது. அந்த வளைவு இப்போது கடையில் இல்லை. மர ஆலையில் அதற்கென்றே கத்தி தீட்டி இழைத்துத் தருவார்கள். கத்திக்கான தொகை 10 அடிக்கும் 200 அடிக்கும் ஒன்றுதான். அதனால் வேண்டியதைவிட இரண்டு நீளம் கூடுதலாக வாங்கி அடித்தளத்தில் வைத்துவிட்டோம். நாளைக்கு ஒன்று உடைந்தால் மறுபடி கத்திக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. இடையில் புதிய வேலை சேர்த்து நாமே ஒப்புக்கொண்டால் கதை வேறு. ஆகவே "இதையும் அப்படியே பண்ணிடுங்க" என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் எழுதி, விலை போட்டு, அப்புறம் தலையாட்டுங்கள்.

எங்கள் கணக்கில் ஒரே ஒரு ஆசைக்கு இடம் வைத்தேன். சமையலறை ஓரத்துத் துணி அலமாரியின் கதவைக் கழற்றிப் பூஜை மாடமாக்கியிருக்கிறோம். அதற்கு மூன்று பக்கமும் கெட்டி மரத்தில் சட்டம், கீழே ஒரு படி. பட்டி ஒட்டுவது இல்லை, நிலை. தேக்கின் விலையைக் கேட்டதும் ஓக்குக்கு இறங்கினேன். அதுவே 1,350 டாலர். படுக்கையறைகளுக்குக் கடையில் கிடைக்கிற சாதா பட்டி போதுமென்று சொல்லி அந்தப் பணத்தைத் தேற்றினேன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் வீட்டு நிலையின் நடுவில் இருக்கும் தாமரையை அம்மா ரவிக்கை அளக்கும் டேப்பால் அளந்து, படம் எடுத்து அனுப்பிவிட்டாள். தச்சர் அதைத் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்து, இதைச் செதுக்க இரண்டு நாள் கூலி கூட ஆகும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன்.

அவருக்கு வசதிப்பட்டது செவ்வாய்க்கிழமை. அம்மா ஒரே பிடியாக முடியாது என்றுவிட்டாள். தை பிறந்து, பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் என்று குறித்துக் கொடுத்திருக்கிறாள். ஜனவரிக் குளிரில் மரம் உள்ளே வந்ததும் அறுக்கக் கூடாது, சில நாளாவது வீட்டுச் சூட்டில் கிடக்க வேண்டும் என்று தச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் ஓக் முந்தின வாரமே வந்துவிடும். கூடத்தில் சோபாவை நகர்த்தி இடம் பண்ண வேண்டும்.