கொக்கிளாய்க் கரையில கறுப்பு மணல்

போன கிழமை முல்லைத்தீவு கொக்கிளாயில பெரியப்பான்ர மீன்வாடிக்குப் போயிருந்தன். அலை வாங்கினாப் பிறகு வெள்ளை மணல் அள்ளுப்பட்டுப் போக கறுப்பு மணல் பாரத்தில கோடு கோடாத் தங்கி நிக்கும், கையில எடுத்தா மினுங்கும். அதுக்குள்ளதான் இல்மனைட் எண்ட கனிமம் இருக்கு. வெள்ளைப் பெயின்ற்றுக்குப் போடுற டைட்டேனியம் டையொக்சைட் அதில இருந்துதான் வருது, அதை எடுக்கவெண்டே பக்கத்தில புல்மோட்டையில 1957 இல அரசாங்கக் கூட்டுத்தாபனமே தொடங்கினவை.

இந்த மணலை அள்ளலாமோ எண்டு பாக்கிற ஆய்வே வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல, எங்கட பெடியளுக்கும் வேலை வேணும்தானே. ஆனா ஒருநாள் விடிய கரைவலை இழுக்கப் போனா இழுக்கிற இடத்திலயே கட்டை அடிச்சுக் கிடந்ததாம், ஆர் அடிச்சது எதுக்கெண்டு மீன்பிடிச் சங்கத்துக்கும் தெரியாது, பெரியப்பா இப்பவும் அதைச் சொல்லிச் சொல்லி மனம் நோகிறார்.

பெரியம்மா கேட்டது ஒண்டுதான்: "தம்பி, மணலை அள்ளினா என்ர கிணறு என்னாகும்?" சரியான கேள்வி. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து நிக்கிறதாலதான் கடலுக்குக் கிட்டவே நல்ல தண்ணி கிடைக்குது, மணல் திட்டி போனா அந்தத் தண்ணியும் குறையும், உவர் ஏறும்.

இலங்கையின்ர 1992ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில ஆராயிறதுக்கு ஒரு லைசன்ஸ், அகழுறதுக்கு வேற லைசன்ஸ். சனத்தோட கதைக்கிறது ரெண்டாவதுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆராய வாறவைக்குச் சொல்லுறன், மணலில முதல் துளை போட முன்னமே, சித்திரை வெயிலுக்க ஒருக்கா மாரிக்க ஒருக்கா கிணத்துத் தண்ணியை அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில எழுதிச் சங்கக் கட்டடத்தில ஒட்டுங்கோ. பெரியம்மா வந்து வாசிப்பா.