யோபு கதை கேட்டவரின் ஊர்களில்

கன்னியாகுமரி மாவட்டம் புலியூர்க்குறிச்சியில் உள்ள முட்டிடிச்சான் பாறைக்கு எப்போது போனாலும் கையில் பாட்டிலோடு ஆட்கள் நிற்பார்கள். பாறையில் ஒரு சின்னக் குழிதான். அதில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுத்துப் போகிறார்கள். கிறிஸ்தவரானதற்குப் பின் கைதாகிக் கொல்லப்பட்ட புனிதர் தேவசகாயம், காவலர்கள் தண்ணீர் தராமல் வதைத்தபோது செபித்துவிட்டுக் கை முட்டியால் இடித்த இடத்தில் சுரந்த நீர் இது என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை.

எங்களோடு சித்தியும் வந்திருந்தார். வரிசையில் முன்னால் நின்ற பாட்டி ஒருவர், "என்ன வேண்டுதல் மக்கா?" என்று கேட்டதுதான் தாமதம், மூட்டுவலி, தம்பியின் வேலை, வீட்டுக்கடன் என்று சித்தி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். பொறுமையாகக் கேட்ட பாட்டி, "எல்லாத்தையும் கேளு. தரலன்னாலும் அவர விட்டுராத" என்றார்.

விசுவசித்தால் கடன் தீரும், கார் வரும் என்கிற பிரசங்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தேவசகாயத்தின் வாழ்க்கையை அந்தக் கணக்கில் அடக்க முடியாது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர், இயற்பெயர் நீலகண்டன். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணி. வசதியான குடும்பம்தான். ஆனால் ஒரு கட்டத்தில் மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது, மனிதர் மனம் உடைந்துபோனார். அப்போது அவருக்கு ஆறுதல் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிக்காரர். டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சியிலேயே, உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டைக்குள் மரங்களும் நிழலுமாக இருப்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் சற்று உட்கார்ந்து இளைப்பாறலாம்.

டிலனாய் நீலகண்டனுக்குச் சொன்னது பைபிளில் வரும் யோபுவின் கதை. ஆடு, மாடு, பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் கடவுளை விடாத மனிதரின் கதை. மாடு செத்துக் கலங்கி நிற்பவரிடம் 'வேறு மாடு கிடைக்கும்' என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். டிலனாய் அப்படிச் சொல்லவில்லை. நல்லவனுக்கும் நஷ்டம் வரும், நஷ்டத்திலும் கடவுள் கூட இருப்பார் என்பதைத்தான் நீலகண்டன் அந்தக் கதையில் கேட்டிருக்க வேண்டும்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியது அரண்மனை வட்டாரத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைக்கும்படி ஒரு கோவிலைக் கட்டினார்கள். நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. புனிதரின் ஊர் என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1749-இல் அவரைக் கைது செய்தார்கள். எருமை மேல் பின்பக்கமாகப் பார்க்கும்படி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடி, உதை, காயத்தில் மிளகாய்ப்பொடி. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். அங்கேயும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. வேலையும் வீடும் மரியாதையும் போன ஒருவரிடம் ஆறுதல் கேட்டு வந்திருக்கிறார்கள்! தன்னிடம் ஒன்றும் இல்லாதபோதும் பிறருக்குக் கொடுக்க அவரிடம் ஏதோ இருந்திருக்கிறது. நல்ல வாழ்வு, மகிழ்ச்சி என்று பைபிள் பேசுவதை இந்த இடத்தில் வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கணவாய் என்பதால் காற்று ஆளைத் தள்ளுகிறது, சுற்றிலும் காற்றாலைகள். அவர் முழந்தாளிட்டுச் செபித்ததாகச் சொல்லும் பாறையைத் தொட்டு வணங்குகிறார்கள். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் மணிச்சத்தம் கேட்கிறது. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சித்தி மூட்டுவலியைச் சொல்லாமலே ஏறி இறங்கினார். வேண்டுதல் பலித்ததா என்று கேட்டதற்கு, "வலிக்கத்தான் செய்யுது, சும்மா இரு" என்றார்.

அவர் உடலை அடக்கம் செய்த இடம் நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதராக, அதாவது குருவோ துறவியோ அல்லாத புனிதராக, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரை அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். துறவியாகாமல் மனைவி, வேலை என்று வாழ்ந்தவர் என்பதால் குடும்பத்தோடு வருபவர்களுக்கு அவர் நெருக்கமாகத் தெரிகிறார் போலும். சித்தி அங்கே வெகுநேரம் முழந்தாளிட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தே செபித்தார். தம்பி வேலையைத்தான் கேட்டாராம். கடனை மறந்துவிட்டாராம்.

போக நினைப்பவர்களுக்கு: திருநாள் ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வரும். அறை வேண்டுமென்றால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். காற்றாடி மலைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.