மழையில் குறித்துக்கொண்டு மாசியில் பழுதுபார்ப்பது

வேலூர்ப் பக்கத்து வீடுகள் ஒரே ஆண்டில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஊரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். அதே வீட்டின் மேல் ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்கில் மழை கொட்டும். மார்கழி, தையில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். இத்தனைக்கும் நாம் வீட்டைத் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் போகிக்கு முந்தைய வாரத்தில்தான். ஒட்டடை அடிப்பது, பரணைக் காலிசெய்வது, சுவருக்கு வர்ணம் பூசுவது எல்லாம் அந்த ஒரு வாரத்தில் நடந்து முடிந்துவிடும். சுத்தம் செய்வதற்கு அந்த வாரம் நல்ல வாரம்தான், ஆனால் பழுதுபார்ப்பதற்கு அது உகந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. பொங்கலுக்கு முன்பு சுவர் இன்னும் காய்ந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை மார்கழியின் நடுவில் விட்டாலும், செங்கல்லுக்குள் போன ஈரம் வெளியேறப் பல வாரங்கள் பிடிக்கும். ஓதம் காத்திருக்கும் சுவரின் மேல் எமல்ஷன் வர்ணத்தைப் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் வர்ணத்தையே தள்ளிக்கொண்டு வரும். பங்குனிக்குள் அந்த இடம் அப்பளம் போலப் பொரிந்து, விரலால் தொட்டாலே உப்புத் தூளாக உதிரும். பிறகு வர்ணத்தின் தரம் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். பழைய நாளில் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது; சுவர் அதன் வழியாகவே காய்ந்துகொள்ளும். சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்த பிறகும் தேதியை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் வீட்டில் பராமரிப்பு ஆண்டு கார்த்திகையில் தொடங்குகிறது. அப்போது செய்கிற வேலை கவனிப்பது ஒன்றுதான். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு பென்சிலோடு அறை அறையாகப் போய், கூரையிலும் சுவரிலும் ஈரம் தெரியும் இடங்களைச் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்தில் தேதியை எழுதிவைக்கிறேன். அடுத்த மழைக்குப் பிறகு ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் புதிய கோடு, புதிய தேதி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் கூரையின் நடுவில் வட்டமாகத் தொடங்கிப் பரவும் ஈரத்துக்கும், சுவரும் கூரையும் சேரும் மூலையில் நீளவாக்கில் இறங்கும் ஈரத்துக்கும், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஏறும் ஓதத்துக்கும் காரணம் வேறு வேறு. வைத்தியமும் வேறு வேறு. முதலாவது பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்தின் நடுவிலுள்ள வெடிப்பு. இரண்டாவது கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்தில் விட்டுப்போன பூச்சு. மூன்றாவது மண்ணிலிருந்து வருவது, அதற்கு மாடியில் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் பயனில்லை. குளியலறையை ஒட்டிய சுவரில் மழை இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் அது குழாய்க் கசிவு. இதையெல்லாம் மாசி மாதத்தில் யூகித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அப்போது எல்லாம் காய்ந்து ஒரே நிறமாக இருக்கும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே கொத்தனாரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். எங்கள் மேஸ்திரி இதற்குச் சொல்லும் பதில் எனக்குப் பிடிக்கும்: “ஒழுவும்போது கூப்புட்டா நான் இன்னா சார் பண்றது? ஈரத்து மேல எது பூசினாலும் புடிக்காது. மழ நின்னு, வெயில் ஏறி, தளம் நல்லா காயட்டும், அப்புறம் சொல்லுங்க.” அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. ஐப்பசியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படுவதால், கூலியும் ஏறும், வேலையும் அவசரமாகவே நடக்கும்.

மொட்டைமாடி ஏன் வெடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழையில் ஒழுகும் வீட்டின் நோய் பெரும்பாலும் கோடையில்தான் பிறக்கிறது. மே மாத மதியத்தில் வெயிலை நேராக வாங்கும் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைக்கூடத் தாண்டும். விடியற்காலையில் அது 30க்கு அருகில் இறங்கியிருக்கும். கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் 25 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நீளும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் அந்த அசைவு கோடை முழுவதும் நாள்தோறும் நடக்கிறது; தளம் அசையும்போது அதன் ஓரத்தில் நிற்கும் கைப்பிடிச்சுவர் அதே அளவு அசைவதில்லை. இரண்டும் சேரும் மூலையில் மயிரிழை போன்ற ஒரு கோடு விழுகிறது. மழைநீருக்கு அது போதும். நீர் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கிறது. துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. கூரைப் பூச்சு திடீரென்று பாளம் பாளமாக விழுவது இப்படித்தான்.

இந்தப் பக்கத்துப் பழைய மாடிகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்து அடித்த தளங்களும் உண்டு. சுண்ணாம்பு, சிமெண்டைவிட இளக்கமானது. தளம் கொஞ்சம் அசைந்தால் தானும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். அதன் மேல் விழுந்த வெடிப்பில் இன்றைக்கு வெறும் சிமெண்டைக் கரைத்து ஊற்றுகிறோம். இறுகிப்போன சிமெண்ட் அடுத்த சித்திரையிலேயே அதே கோட்டில் விட்டுவிடுகிறது.

மாசியிலும் பங்குனி முற்பாதியிலும்தான் இந்த வேலைக்குச் சரியான நேரம் அமைகிறது. தளம் காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் வெறிபிடிக்காது. முதலில் மாடியைப் பெருக்கி, பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்துக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு தட்டோடுகளை ஒவ்வொன்றாக ஒரு கட்டையால் தட்டிப் பார்த்தால், கெட்டியாக ஒட்டியிருப்பதன் ஒலியும் அடியில் பிடிப்பு விட்டு வெற்றிடமாக இருப்பதன் ஒலியும் தெளிவாக வேறுபடும். பிடிப்பு விட்டவற்றைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். வெடிப்பின் மேல் அப்படியே பூசாமல், அதை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை ஊதியெடுத்து, அசைந்து கொடுக்கக்கூடிய நிரப்பியால் அடைக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் மூலையைக் கூராக விடாமல் சரிவாக வளைத்துப் பூசினால் நீர் அங்கே தங்காது. சிமெண்ட் பூசிய இடத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் சாக்கு போட்டு ஈரம் காட்ட வேண்டும். மே மாதத்தில் இதே வேலையைச் செய்தால், சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே அதிலுள்ள நீரை வெயில் உறிஞ்சிவிடும். புதுப்பூச்சிலேயே வலை வலையாக வெடிப்பு விழும்.

எல்லாம் முடிந்த பிறகு வடிகுழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கட்டி, ஒரு நாள் விட்டுக் கீழே பென்சில் கோடுகளைப் போய்ப் பார்ப்பது நல்லது. மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைக்கும், ஏற்கனவே கம்பி வெளியே தெரியும் தளத்துக்கும் இந்தச் சோதனை ஆகாது. அந்தப் பாரத்தை அவை தாங்குமா என்பதே கேள்வி.

பங்குனி முடிவதற்குள் மாடிக்கு வெள்ளை அடித்துவிட வேண்டும். விலை உயர்ந்த குளிர்கூரை வர்ணங்கள் இப்போது கிடைக்கின்றன. வசதியில்லாதவர்கள் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடிக்கிறார்கள்; அது ஒரு கோடைக்குத் தாங்கும், மழையில் கரைந்து போகும், அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும். எதுவானாலும் வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால், மேல்மாடி அறைகளில் இரவு மின்விசிறியிலிருந்து அனல் இறங்குவது குறையும். தளம் விரிந்து சுருங்கும் அளவும் குறையும் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய லாபம். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

கோடையின் நடுவில் செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் விடக்கூடாதவை. மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்திருக்கும்போதே கழுவிவிடலாம். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரின் உப்பு அடியில் வெள்ளைப் படலமாகக் கெட்டிப்பட்டிருக்கும். தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கியம், நீரை வெளியேற்றினால் மட்டும் போதாது: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடும், அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிரோடு இருந்து, நீர் மறுபடி ஏறியதும் பொரிக்கும். தரையடித் தொட்டியில் ஆள் இறங்குவதற்கு முன்பு மூடியை நெடுநேரம் திறந்து காற்றோட விட வேண்டும். மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் இறக்கவே கூடாது.

மின்சாரத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எர்த் குழி மண் கோடையில் காய்ந்துபோனால் அது மின்கசிவை ஒழுங்காகத் தரைக்குள் கடத்தாது. வாரம் ஒருமுறை இரண்டு குடம் நீர் ஊற்றுவது போதும், இதை எவ்வளவு படித்தவர் வீட்டிலும் பார்த்ததில்லை. மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி பலகையில் இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

மழைக்கு மாடியைத் தயார்செய்ய ஐப்பசி வரை காத்திருக்க எங்களால் முடியாது. ஆடி, ஆவணியிலேயே மாலை நேர இடிமழை இங்கே பலமாக வரும்; அதற்கு முன்பு புழுதிக்காற்று வேப்பிலையையும் பாலித்தீன் பையையும் மாடியில் கொண்டுவந்து சேர்த்திருக்கும். 1000 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் வந்து சேரும் நீர் 4600 லிட்டருக்கும் மேல். வடிகுழாய் வாயில் கையளவு சருகு அடைத்துக்கொண்டால் அத்தனையும், அதாவது நாலரை டன் பாரம், தளத்தின் மேல் நிற்கும். 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய குழிகள் பல வீடுகளில் இன்று மண் மூடிக் கிடக்கின்றன. மேலே உள்ள மணலையும் கூழாங்கல்லையும் எடுத்துக் கழுவிப் போட்டால் அவை மறுபடி வேலை செய்யும். சரஸ்வதி பூஜைக்காக வீட்டைக் கழுவும் வழக்கம் பெருமழைக்குச் சரியாக முன்பு வருவது நம் அதிர்ஷ்டம். கொலுவுக்குப் பரணை எப்படியும் திறக்கிறோம். அதே நாளில் புத்தகங்களையும் துணிகளையும் சுவரிலிருந்து நகர்த்தி வைத்துவிடலாம், கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று நிலைப்படிகளின் பின்புறத்தையும் பார்த்துவிடலாம்.

மண்சுவர் வீடுகளுக்கும், மண்ணைக் குழைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவர்களுக்கும் இந்த நிதானமான நாட்காட்டி பொருந்தாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட நாட்களில், பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். சுவர் உப்பி வெளித்தள்ளியிருந்தாலோ, அடியில் மண் கரைந்து வெற்றிடம் தெரிந்தாலோ, புதிதாகக் குறுக்குவெட்டாக வெடிப்பு விழுந்திருந்தாலோ, அந்த அறையை அன்றே காலிசெய்துவிட வேண்டும். பக்கத்து வீட்டின் உயரமான சுவர் நம் ஓட்டுக்கூரையை ஒட்டி நின்றால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் தொடவே கூடாத ஒன்று மரக்கதவு. கார்த்திகையில் கதவு உப்பி நிலையில் பிடித்துக்கொள்ளும். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடுவோம். சித்திரையில் மரம் சுருங்கும்போது, இழைத்த பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும், அந்த வழியாகப் பூரானும் வரும். மழைக்காலத்தில் கதவின் ஓரத்தில் கொஞ்சம் மெழுகு தேய்த்தாலே சமாளிக்கலாம். பங்குனியில் மரம் காய்ந்த பிறகு மேல், கீழ் விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும். அந்த இரண்டு விளிம்புகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் தச்சர்கள் அவற்றை விட்டுவிடுவார்கள். கதவைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்றுதான் பூசி வாங்க வேண்டும்.