சாம் மொழிக் குடும்பம்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 3

இன்றைய வியட்நாமின் நடுவிலும் தெற்கிலும் சாம் மக்கள் ஆண்ட சம்பா நாட்டைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் மி சன் கோயில் படங்களும் "அழிந்துபோன இந்து நாடு" என்ற வரியும்தான் வருகின்றன. நாடு போனது உண்மை. 1471-ல் அதன் தலைநகர் விஜயா வியட்நாமியரிடம் வீழ்ந்தது, தெற்கே மிச்சமிருந்த பாண்டுரங்கத்தை 1832-ல் வியட்நாம் பேரரசர் மின் மாங் இணைத்துக்கொண்டார். ஆனால் அந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. வியட்நாமின் பான்ராங் நகரத்துப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சாம் பேசுகிறார்கள். நாம் செங்கல் கோபுரங்களை வியந்த அளவுக்கு இவர்கள் பேச்சைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம், அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

அக்டோபர் 5

இன்று எண்கள். சாமில் சா, துவா, க்லௌ, பாக், லிமா, நாம். மலாய் தெரிந்தவர்களுக்கு துவா, லிமா உடனே பிடிபடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல்வழியாக வியட்நாம் கரைக்கு வந்த ஆஸ்திரனேசியப் பேச்சு, அதாவது மலாய் அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது, இது. அங்கிருந்து கிளைத்ததுதான் சாம், ஜராய், ரதே, ரக்லாய், சுரு, ஹரோய், சீனாவின் ஹைனான் தீவின் சாத் எல்லாம். சுமத்ராவின் அச்சே மொழியும் இதே கூட்டம்தான், முப்பது லட்சத்துக்கு மேல் பேசுகிறார்கள். அதை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் சிறியவை.

என்னை நிறுத்திய விஷயம் வேறு. 2019 கணக்கெடுப்பின்படி வியட்நாமில் ஜராய் மக்கள் 5 லட்சத்துக்கு மேல், ரதே மக்கள் ஏறக்குறைய 4 லட்சம், சாம் மக்கள் 1.8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கோபுரம் கட்டியவர்களைவிட, கல்வெட்டு எதுவும் விட்டுப்போகாத மலைவாசிகள்தான் இந்தக் குடும்பத்தில் அதிகம். கடலோடிகளின் மொழி மேட்டுநிலத்து நீள்வீடுகளில் தாய்வழிக் குடும்பங்களுக்குள் வளர்ந்திருக்கிறது.

அக்டோபர் 9

சாத் மொழி பற்றிப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கிலிருந்து படையெடுப்பு வந்தபோது சாம் மக்களில் சிலர் ஹைனானுக்குப் போனதைச் சீனப் பதிவுகள் சொல்கின்றன. இன்று சான்யா நகரத்தை ஒட்டி இரண்டு கிராமங்களில், சில ஆயிரம் முஸ்லிம்கள் பேசுவதுதான் சாத். சுற்றியிருப்பவை சீனமும் ஹைனான் பழங்குடிகளின் லி மொழியும், இரண்டிலும் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். இருமொழி பேசியே வாழ்ந்த மக்கள் என்பதால் சாத்தும் மெல்ல அப்படி ஆகிவிட்டது. சொல்லின் முதல் அசை உதிர்ந்தது, "லிமா" வெறும் "மா" ஆனது, சொல்லின் முன்னும் பின்னும் இருந்த மெய்யொலிகள் மாறியும் மறைந்தும் போனபோது அவை விட்டுப்போன வேறுபாட்டைக் குரலின் உயரம் எடுத்துக்கொண்டது. மொழியியலாளர் கிரஹாம் தர்குட் இதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். அப்புறம் அச்சேயைப் பாருங்கள், அதில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றுவதில்லை. மொழி உள்ளிருந்து தானாக மாறுவதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்களால் மாறுவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 12

நடு வியட்நாமில் திரா கியூ அருகே கிடைத்த தோங் யென் சாவ் கல்வெட்டு. பொதுவாக 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஆஸ்திரனேசிய மொழி ஒன்றில் கிடைத்த மிகப் பழைய எழுத்து. மன்னனின் நாகத்தை மதிப்பவனுக்கு மணிகள் பொழியும், இகழ்பவன் ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பான், ஏழு தலைமுறையோடு. எழுத்து தென்னிந்திய வழி வந்தது, சரி, நாம் பெருமைப்படலாம். ஆனால் பேசுவது சாம்.

அக்டோபர் 19

சாம் மக்களின் காதே திருவிழாக் காணொளிகள். போ இனு நகர் அம்மனின் ஆடைகளை வருடம் முழுக்க வைத்திருப்பது சாம் மக்கள் இல்லை, மலையிலிருக்கும் ரக்லாய் மக்கள். விழாவுக்கு அவர்கள்தான் அதைச் சுமந்து இறங்கி வருகிறார்கள், சாம் ஊர் எதிர்கொண்டு வாங்குகிறது. சாம் மூத்தவள், ரக்லாய் இளையவள் என்பது இரு தரப்பும் சொல்லும் உறவுமுறை. குடும்பச் சொத்தையும் முன்னோர் பொருள்களையும் கடைசி மகள்தான் காக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம், அதன்படி ஆடை சரியான இடத்தில்தான் இருக்கிறது. மொழியியலாளர் வரைந்த குடும்ப மரத்துக்கு வெகுகாலம் முன்பே இவர்களுக்குத் தங்கள் உறவு தெரிந்திருக்கிறது!

அக்டோபர் 20

கம்போடியாவிலும் சாம் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பொல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் சாம் பேசுவதே தடை. 2018 நவம்பரில்தான் அந்த ஆட்சியின் இரண்டாம் தலைவர் நுவான் சியா சாம் மக்களை இனப்படுகொலை செய்த குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இதற்கு மேல் இன்று எழுத மனமில்லை.

அக்டோபர் 26

சாம் மொழியின் அகர் திரா எழுத்து 2008-ல் யூனிகோடில் சேர்ந்துவிட்டது. பான்ராங் பகுதித் தொடக்கப் பள்ளிகளில் சொல்லியும் தருகிறார்கள். சண்டை எழுத்துக்கூட்டலில். ஏடுகளில் உள்ள பழைய முறையா, பாடநூல் குழு எளிதாக்கிய முறையா? பேச்சில் முதல் அசை தேய்ந்துகொண்டே போகிறது, எழுத்தில் அப்படியே நிற்கிறது. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதி "வந்துட்டிருக்கேன்" என்று பேசும் நமக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே புரியும். பாடநூல் முறையில் மட்டும் படித்த பிள்ளைக்குத் தாத்தாவின் ஏடு தடுமாறுகிறது என்று பழைய முறைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் அவர்கள் பக்கம். கற்பது கொஞ்சம் கடினமானாலும் பரவாயில்லை, ஏடு வாசிக்க வர வேண்டும். அடுத்து 1906-ல் வந்த, எமோனியே, கபதோன் இருவரும் தொகுத்த சாம்-பிரெஞ்சு அகராதியைப் பார்க்க வேண்டும்.