மூன்று புத்தகம், ஒரே ரோலிங் ஸ்டோன்ஸ்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு பற்றி மூன்று புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். மூன்றிலும் ஒரே ஆட்கள்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது.

குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' (2010) திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்பது மாதிரி. கிதாரின் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தையும் ஓப்பன் ஜி சுருதியில் (விரலால் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும்படி) வைத்து வாசிப்பதைப் பற்றி அவர் சொல்லும் இடத்தை, கிதாரைத் தொட்டே பார்க்காத நான் இரண்டு முறை படித்தேன். நடுவில் சாசேஜ் வறுக்கும் பக்குவம் வேறு! குழுவின் பாடகர் மிக் ஜாகர் மேல் உள்ள கடுப்பையும் மறைக்கவில்லை.

குழுவில் பாஸ் கிதார் வாசித்த பில் வைமனின் 'ஸ்டோன் அலோன்' (1990) நேர்மாறு. மனிதர் டைரி எழுதுகிறவர். வரவு செலவு வரைக்கும் கணக்குப்பிள்ளை போல எழுதி வைத்திருக்கிறார். பாதியில் கொட்டாவி வந்தது உண்மை. ஆனால் எது எப்போது நடந்தது என்று பார்க்க இதைத்தான் எடுப்பேன்.

வெளியாள் எழுதியது ஸ்டான்லி பூத்தின் புத்தகம். 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கூடவே போனவர், கலிபோர்னியாவின் ஆல்டமாண்டில் அவர்கள் கச்சேரியின்போது கத்திக்குத்து நடந்த அன்றும் அங்கேயே இருந்தவர். புத்தகம் வெளிவர 1984 ஆகிவிட்டது. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஜாகரோ, 80களில் சுயசரிதைக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பியே கொடுத்துவிட்டார். அப்புறம் கீத் சொன்னதற்கு யார்தான் பதில் சொல்வது?